பிக்கப்பை விட்டு ஃபோர் வீல் எஸ்யூவிக்கு: பினாங்கில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலிக் பூலாவில் எங்களுக்கு ஒரு சின்ன டுரியான் தோட்டம் இருக்கிறது. வீடு சுங்கை ஆராவில். ஒன்பது வருஷம் டபுள் கேப் பிக்கப் ஓட்டினேன், அதாவது இரண்டு வரிசை சீட்டும் அதற்குப் பின்னால் திறந்த சாமான் தட்டும் உள்ள வண்டி. அதை விற்று, ஏழு பேர் உட்காரும் நடுத்தர ஃபோர் வீல் (நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும்) எஸ்யூவி வாங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றிலிருந்து கல்யாண வீட்டிலும் கோயில் மண்டபத்திலும் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து வண்டிக் கதையை ஆரம்பிக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வண்டி என்பது ஒன்பது வருஷக் கடன். அவசரத்தில் மாற்றிவிட்டு யாரும் கஷ்டப்படக் கூடாது என்பதால் பதில்களை விரிவாகவே எழுதுகிறேன்.

அண்ணே, நல்லா ஓடிக்கிட்டிருந்த பிக்கப்பை ஏன் மாத்தினீங்க?

அம்மாவுக்காக. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். மாதத்தில் மூன்று நான்கு தடவை ஆஸ்பத்திரிக்கும் தோட்டத்துக்கும் துன் சார்டோன் மலைப்பாதை வழியாக அழைத்துப் போக வேண்டியிருந்தது. டபுள் கேப் பிக்கப்பின் பின்சீட்டுக்குப் பின்னால் உடனே தகரச் சுவர். அதனால் சீட் நேராக நிமிர்ந்து நிற்கும், சாய்க்க இடமில்லை. வளைவுக்கு வளைவு அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் வருவார். இறங்கிய பிறகு கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நிற்பார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் யோசிக்க ஆரம்பித்தேன்.

ஆனாலும் உடனே விற்கவில்லை. ஒரு பழைய நோட்டை வண்டியில் வைத்து, மூன்று மாதம் தினமும் இரண்டே விஷயம் எழுதினேன்: பின்தட்டில் என்ன ஏறியது, பின்சீட்டில் யார் உட்கார்ந்தார்கள். கடைசியில் எண்ணிப் பார்த்தால், பின்தட்டு உண்மையாகவே தேவைப்பட்ட நாள் பதினொன்று. அதில் எட்டு நாள் டுரியான் சீசன். மற்ற நாட்களில் ஒரு மழைக்கோட்டும் காலி நெகிழிக் கூடையும்தான் அங்கே ஊர்வலம் போயிருக்கின்றன. பின்சீட்டில் மட்டும் ஏறக்குறைய தினமும் ஆள் இருந்தது.

மாற்ற நினைக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பதும் இந்த நோட்டைத்தான். ஒரு மாதமாவது எழுதுங்கள். மனசுக்குள் போடும் கணக்கில் பின்தட்டு எப்போதும் நிறைந்தே இருக்கும். நோட்டில் அப்படி இருக்காது.

எஸ்யூவின்னா பிக்கப்புக்கு மூடி போட்டதுதானே? இன்ஜினும் ஒண்ணுதானே?

பாதி உண்மை. டொயோட்டா ஹைலக்ஸும் ஃபார்ச்சூனரும் ஒரே அடித்தளத்திலிருந்து வந்தவை. ஃபோர்டு ரேஞ்சரும் எவரெஸ்டும் அப்படித்தான். ஏணி மாதிரியான இரும்புச் சட்டகம், அதன்மேல் தனியாக வைத்த உடல், பல மாடல்களில் அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ்.

மீதிப் பாதிதான் உங்கள் முதுகுக்குத் தெரியும். பிக்கப்பின் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங், அதாவது இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியது. ஏறக்குறைய ஒரு டன் சுமையைத் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு அதைக் கடினமாகச் செய்திருக்கிறார்கள். சுமை ஏற்றினால் அருமையாக ஓடும். காலியாக ஓடினால் பின்பக்கம் குதிக்கும், மழையில் வால் விலகப் பார்க்கும். எஸ்யூவியில் பின்னால் சுருள் ஸ்பிரிங்கும் அச்சைப் பிடித்துக்கொள்ளும் கம்பிகளும் உண்டு. கணக்கே ஆட்களை வைத்துப் போட்டது.

இன்னொன்று நீளம். ஹைலக்ஸின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3,085 மில்லிமீட்டர், ஃபார்ச்சூனரில் 2,745. ரேஞ்சரில் 3,270, எவரெஸ்டில் 2,900. வித்தியாசம் ஏறக்குறைய முக்கால் முழம். சாலையில் போகும்போது இது பெரிதாகத் தோன்றாது. தோட்டத்துக் கொண்டை ஊசி வளைவில் ஒரே முறையில் திரும்புவதா, ரிவர்ஸ் எடுத்து இரண்டாம் முறை திரும்புவதா என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

தோட்டத்து ஏத்தத்துல பிக்கப் அளவுக்கு ஏறுமா?

ஏறும். எங்கள் தோட்டத்தில் பிக்கப்பைவிட நன்றாகவே ஏறுகிறது. காலி பிக்கப்பின் எடை பெரும்பாலும் முன்பக்கம் இருக்கிறது. செங்குத்து ஏற்றத்தில் பின்சக்கரம் லேசாகிச் சுழலத் தொடங்கும். பழைய ஆட்கள் பின்தட்டில் நாலு உர மூட்டையைப் போட்டுக்கொண்டு மலையேறுவதற்குக் காரணம் இதுதான். எஸ்யூவியில் பின்னால் மூன்றாம் வரிசை சீட், கூரை, கண்ணாடி என்று எப்போதும் எடை இருப்பதால் பின்சக்கரம் மண்ணைக் கூடுதலாகப் பிடிக்கிறது. அச்சு இடைவெளி குறைவு என்பதால் மேட்டின் உச்சியில் வயிறு தட்டுவதும் குறைந்துவிட்டது.

ஆனால் பாலிக் பூலாவில் உண்மையான சோதனை ஏறும்போது இல்லை, இறங்கும்போதுதான். சிமெண்ட் போட்ட குறுகல் பாதை, அதன்மேல் பாசி, ஈர இலை. அங்கே பிரேக்கை நம்பி இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மேலேயே நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, லோ ரேஞ்சுக்கு (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர் வரிசை) மாற்றி, முதல் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ள விடுங்கள். கால் பிரேக்கின் மேல் தயாராக இருந்தால் போதும். ஆகவே வாங்கும்போது லோ ரேஞ்ச் உண்டா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகிறது என்று விளம்பரம் செய்யப்படும் பல நகர எஸ்யூவிகளில் அது கிடையாது. அவை நல்ல வண்டிகள்தான், ஆனால் இந்த வேலைக்கு உரியவை இல்லை.

பின் டிஃப் லாக் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது சக்தி முழுதும் அந்தத் தொங்கும் சக்கரத்துக்கே ஓடி வீணாகும். லாக் போட்டால் இரண்டு பின்சக்கரமும் சேர்ந்தே சுழலும். சேற்றைத் தாண்டியதும் எடுத்துவிட வேண்டும்.

ஒரு தவறைப் பலரும் செய்கிறார்கள்: மழை பெய்தால் பாதுகாப்பு என்று தார்ச்சாலையிலும் ஹை ரேஞ்ச் (சாதாரண வேகத்துக்கான கியர் வரிசை) ஃபோர் வீலைப் போட்டே ஓட்டுவது. தேவைப்படும்போது மட்டும் இணைக்கிற பழைய வகை அமைப்பில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் கட்டப்பட்டுவிடும். வளைவில் முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். பிடிப்புள்ள தாரில் சறுக்கிச் சமாளிக்க வழியில்லாமல் அந்த முறுக்கு முழுதும் கியரில் ஏறும். ஸ்டியரிங் கனக்கும், நாளடைவில் முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கெட்டுப் போகும். தார்ச்சாலைக்கும் ஏற்ற தானியங்கி ஃபோர் வீல் முறை சில வண்டிகளில் உண்டு. உங்களுடையது எது என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

புது வண்டியோடு வரும் டயர் பெரும்பாலும் நெடுஞ்சாலைக்கானது. செம்மண் சேற்றில் அதன் கோடுகள் உடனே அடைத்துக்கொள்ளும். ஆல் டெரெய்ன் டயர் போட்ட பிறகுதான் என் வண்டி தோட்டத்து வண்டியானது. இரைச்சல் கொஞ்சம் கூடியது. பரவாயில்லை.

டீசல் எடுக்கவா, பெட்ரோல் எடுக்கவா?

2024 ஜூனுக்கு முன் கேட்டிருந்தால் யோசிக்காமல் டீசல் என்றிருப்பேன். இப்போது கணக்குப் போட வேண்டும்.

தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10 அன்று டீசல் ஒரே இரவில் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்குப் போனது. அதன் பிறகு சந்தை விலைக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. தகுதியுள்ள தனியார் டீசல் வண்டி உரிமையாளர்களுக்கு புடி மடானி திட்டத்தில் மாதம் 200 வெள்ளி என்று உதவி தொடங்கினார்கள். வருமான வரம்பு உண்டு. பெட்ரோல் பக்கம் 2025 செப்டம்பர் 30 முதல் புடி95 என்ற மானியத் திட்டம் நடப்புக்கு வந்தது. மைகார்டு அடையாள அட்டையும் செல்லுபடியாகும் லைசென்சும் உள்ள குடிமகனுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி, தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் வரை.

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டீசல் எஸ்யூவி நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் குடித்தால் 150 லிட்டர். லிட்டர் 2.95 வெள்ளி என்றால் 442 வெள்ளி. 200 வெள்ளி உதவி கிடைத்தால் கையிலிருந்து 242. அதே தூரத்துக்குப் பெட்ரோல் எஸ்யூவி நூறுக்குப் பன்னிரண்டு லிட்டர் குடித்தால் 180 லிட்டர், 1.99 வீதம் 358 வெள்ளி. ஆக, இந்த விலைகளில் டீசல் உதவி கிடைப்பவருக்கு டீசல்தான் லாபம். கிடைக்காதவருக்குப் பெட்ரோல் மாதம் எண்பது வெள்ளிக்கு மேல் மிச்சம். அன்றைய விலையைப் போட்டு உங்கள் கணக்கை நீங்களே செய்யுங்கள். பேரங்காடியில் யாரோ சொன்னதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

பெட்ரோலில் லோ ரேஞ்சோடு வரும் நடுத்தர எஸ்யூவிகள் குறைவு. ஜிடபிள்யூஎம் கம்பெனியின் டேங்க் 300 என்ற மாடல் அந்த வகை, ஆனால் அதில் ஐந்து பேர்தான் உட்காரலாம்.

டீசலுக்குப் போகிறவர்கள் டிபிஎஃப் உண்டா என்று கேட்டு வையுங்கள். புகைக்கரியைப் பிடித்து வைத்து எரிக்கும் வடிகட்டி அது. எரிப்பதற்கு நல்ல சூடு வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, சந்தைக்குப் போய், வீடு திரும்பும் பத்து நிமிட ஓட்டம் மட்டுமே என்றால் அந்தச் சூடு வராது, அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை பினாங்குப் பாலம் தாண்டி நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அந்தக் கவலை இல்லை.

ரோட் டேக்ஸ் ரொம்ப ஏறிடுமா? விலையும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பிக்கப் சரக்கு வண்டி வகையில் வருகிறது. அதனால் அதற்கு வரிச்சுமை குறைவு, எஸ்யூவிக்குக் கலால் வரி சேரும். ஒரே இன்ஜின், ஒரே சட்டகம் என்றாலும் பல்லாயிரம் வெள்ளி வித்தியாசம் வருவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ரோட் டேக்ஸ் இன்ஜின் அளவைப் பொறுத்தது. தீபகற்பத்தில் எஸ்யூவி 2,500 சிசியைத் தாண்டினால் 840 வெள்ளியும், மேற்கொண்டு ஒவ்வொரு சிசிக்கும் 1.60 வெள்ளியும் கட்ட வேண்டும். ஃபார்ச்சூனரின் 2.8 லிட்டர் டீசல் 2,755 சிசி. ஏறக்குறைய 1,250 வெள்ளி ஆகிறது. எவரெஸ்டின் 2.0 லிட்டர் 1,996 சிசி என்பதால் 440 வெள்ளிக்குள் முடிந்துவிடும். வாங்குகிற அன்று யாரும் இதைப் பார்ப்பதில்லை. வருஷா வருஷம் கட்டும்போதுதான் உறைக்கும்.

பாலத்து டோல் கூடுமா?

கூடாது. இரண்டு அச்சு, நான்கு சக்கரம் என்றால் இரண்டும் முதல் வகுப்புதான்.

சாமானெல்லாம் எதுல ஏத்துறீங்க?

பிக்கப்பை நான் நினைத்து ஏங்குவது இந்த இடத்தில்தான். டுரியான் கூடையை வண்டிக்குள்ளேயே வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முதல் சீசனில் ஆறு பழம்தானே என்று பின்னால் வைத்துக் கொண்டுவந்தேன். மூன்று வாரம் ஆகியும் ஏசி போட்டால் டுரியான்தான் மணந்தது. கூரைத் துணி, சீட் துணி, தரைக் கம்பளம், எல்லாம் வாசனையைக் குடித்துக்கொள்ளும்.

வாசனையைப் பொறுத்துக்கொள்ளலாம், பெட்ரோல், மருந்து ஆவியைப் பொறுத்துக்கொள்ள முடியாது. புல்வெட்டி இயந்திரம், பெட்ரோல் கேன், பூச்சிமருந்து, உர மூட்டை ஆகிய எதையும் ஆள் உட்காரும் கூண்டுக்குள் ஏற்றாதீர்கள். மூடிய வண்டி வெயிலில் நின்றால் பெட்ரோல் ஆவி உள்ளேயே தேங்கும். நான் புல்வெட்டியையும் மருந்தையும் தோட்டத்திலேயே ஒரு தகரப் பெட்டி செய்து பூட்டி வைக்கிறேன். உரத்தைக் கடைக்காரரே கொண்டுவந்து இறக்குகிறார். சீசன் எட்டு நாளுக்குப் பக்கத்துத் தோட்டக்காரரின் பிக்கப்பில் என் கூடையும் போகும், எண்ணெய்ச் செலவு என்னுடையது.

கூரை மேல் ஏற்றலாமே என்பார்கள். ஏற்றலாம், அளவோடு. எவரெஸ்டில் ஓடும்போது கூரைச் சுமை 100 கிலோ வரைதான், சாமான் கட்ட அங்கே மாட்டும் கம்பிச்சட்டத்தின் எடையும் சேர்த்து. அங்கே ஒவ்வொரு கிலோவும் வண்டியின் தலையில் உட்காருகிறது. வளைவில் சாய்வு கூடும். துன் சார்டோன் மாதிரி பாதையில் நான் ஏணியையும் மூங்கிலையும் தவிர வேறெதையும் ஏற்றுவதில்லை.

ஏழு பேர் நிஜமாவே உட்கார முடியுமா?

சின்னப் பிள்ளைகளும் ஒல்லியான அத்தையும் என்றால் மூன்றாம் வரிசை சரி. பெரியவர்கள் சுங்கை ஆராவிலிருந்து பட்டர்வொர்த் வரை போகலாம், ஈப்போ வரை வேண்டாம். தரை உயரமாக இருப்பதால் முழங்கால் நெஞ்சருகே வந்துவிடும். ஃபார்ச்சூனரில் மூன்றாம் வரிசை இரண்டு பக்கமும் மேலே தூக்கிக் கட்டப்படும், அதனால் சாமான் இடத்தின் அகலம் குறையும். எவரெஸ்டில் தரையோடு தரையாக மடங்கும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கடையில் கையால் மடக்கிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

எடையையும் பாருங்கள். இந்த வகை எஸ்யூவிகள் தாங்கக்கூடிய மொத்தச் சுமை 600 கிலோவை ஒட்டியே இருக்கும். ஏழு பெரியவர்கள், ஆளுக்கு 70 கிலோ என்றால் 490 போய்விட்டது. மிச்சத்தில்தான் பெட்டி, கூரைக் கம்பி எல்லாம்.

வயசானவர்களை வைத்து ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எஸ்யூவியும் உயரம்தான். பக்கப்படியும் கதவுத் தூணில் கைப்பிடியும் உண்டா என்று பாருங்கள். நான் வாங்குவதற்கு முன் அம்மாவையே கடைக்கு அழைத்துப் போய் மூன்று வண்டியில் ஏறி இறங்கச் சொன்னேன். விற்பனைப் பையன் பொறுமையாகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதில் அவர் சத்தமில்லாமல் ஏறினாரோ அதைத்தான் வாங்கினேன்.

ஜார்ஜ்டவுன் பார்க்கிங் எப்படி?

நிம்மதி. ஹைலக்ஸ் 5.3 மீட்டர், ஃபார்ச்சூனர் 4.8 மீட்டருக்குள். லிட்டில் இந்தியாவில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. மாடிப் பார்க்கிங்கில் மட்டும் உயரப் பலகையைப் பார்த்து நுழையுங்கள். கூரையில் பெட்டி வைத்திருந்தால் இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும்.

வெள்ளத்துல இறங்கலாமா?

2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியதைப் பார்த்தவன் நான். ஃபார்ச்சூனருக்கு 700 மில்லிமீட்டர், எவரெஸ்டுக்கு 800 என்று கம்பெனி சொல்லும் ஆழம் தேங்கிய நீரில், நடை வேகத்தில், அடி தெரிந்த பாதைக்கான கணக்கு. ஓடும் நீருக்கு இல்லை. சாக்கடை மூடி திறந்து கிடக்கும் தாமான் (குடியிருப்புப் பகுதி) சாலைக்கும் இல்லை. எதிரே லோரி வந்தால் எழும் அலை ஒன்றே இன்ஜினுக்குள் தண்ணீரைக் கொண்டுபோகப் போதும். நான் இறங்குவதில்லை. திரும்பிப் போகிறேன்.

செகன் ஹேண்ட் வாங்கலாம்னு இருக்கேன். எதைப் பார்க்கணும்?

முதலில் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. அப்படிப்பட்டவை கழுவித் துடைக்கப்பட்டு வேறு மாநிலத்தில் விற்பனைக்கு வருவது உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், ஒளிந்திருக்கும் பகுதியில் சேற்றுக் கறை தெரியும். கம்பளத்தைத் தூக்குங்கள். சட்டகத்துக் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

அடுத்து ஃபோர் வீல் அமைப்பு. பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை வண்டியை அடையாளம் காட்டும், டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆரோக்கியத்தைச் சொல்லாது. மண் தரையில் ஹை ரேஞ்ச், லோ ரேஞ்ச் இரண்டையும் போட்டு, மெதுவாக ஓட்டி, சத்தம் கேளுங்கள். பல வருஷம் நகரத்தில் மட்டும் ஓடிய வண்டியில் அந்த விசையை யாருமே தொட்டிருக்க மாட்டார்கள், இறுகிப்போயிருக்கும். எனக்குக் காட்டிய முதல் வண்டியில் லோ ரேஞ்ச் விழவே இல்லை. "யார் அண்ணே இதெல்லாம் போடப் போறாங்க?" என்றார் விற்றவர். நான்தான் போடுவேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

லிஃப்ட் கிட், பெரிய டயர்?

ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி இல்லாமல் சஸ்பென்ஷனைத் தூக்குவது குற்றம், விபத்தானால் காப்புறுதியிலும் சிக்கல் வரும். காட்டுக்குள் போக ஆசை என்றால் அதைவிட முக்கியம், வனக் காப்பகத்துக்குள் நுழைய மாநில வனத்துறையின் பெர்மிட் வேண்டும். முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

அப்போ யார் பிக்கப்பை விடவே கூடாது?

தினமும் பின்தட்டை நம்பிச் சோறு சாப்பிடுகிறவர்கள். காய்கறி, கேட்டரிங், பந்தல், ஏசி வேலை, கட்டுமானம். உங்கள் பிழைப்பு அந்தத் தட்டில் இருக்கிறது. அழகுக்காக எஸ்யூவி வாங்கி அதற்குள் சிமெண்ட் மூட்டை ஏற்றினால் வண்டியும் கெடும், வேலையும் கெடும். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு பழைய சின்னக் கார் வாங்கிக் கொடுங்கள். இரண்டு வண்டிக் கணக்கு சில வீடுகளுக்கு ஒரு எஸ்யூவியைவிட மலிவாகவே முடியும்.

சரி, தைப்பூசத்துக்குத் தேங்காய் எதுல கொண்டுபோவீங்க?

இதைக் கேட்காத உறவினர் இல்லை. வெள்ளி ரதம் வரும் வழியில் உடைக்க எங்கள் குடும்பம் வருஷாவருஷம் ஆயிரம் தேங்காய் வைக்கிறது. உரித்த காய் அரைக் கிலோ என்றாலும் அரை டன். பிக்கப் இருந்தபோது ஒரே நடையில் முடித்துவிடுவேன், அந்தப் பெருமையும் எனக்கு இருந்தது. இப்போது மச்சான்கள் மூன்று பேரும் நானும் பங்கு போட்டு ஒரு நாளைக்குச் சின்ன லோரி எடுக்கிறோம். தீபாவளி முடிந்ததுமே சொல்லி வைத்துவிட வேண்டும், பிறகு கிடைக்காது. தண்ணீர்ப் பந்தலுக்கான பானைகளும் அதே லோரியில் ஏறிவிடும்.

சாலையை மூடுவதற்கு முன், விடியற்காலையிலேயே அம்மாவை என் வண்டியில் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்துக்கு அழைத்துப் போய்விடுகிறேன். இரண்டாம் வரிசையில் சீட்டைச் சாய்த்து, மடியில் பூக்கூடையை வைத்துக்கொண்டு வருகிறார்.